குறிப்பின் இசை: குறுஞ்செய்தித் தமிழில் தொனியும் நகையும்

“முருகனுக்குக் காய்ச்சலாம். நாளைக்கு வரமாட்டானாம்.”

தமிழ்ப்பள்ளி ஒன்றின் வகுப்பாசிரியர், பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்திருந்த புலனக் குழுவில் இவ்விரு தொடர்களை எழுதினார். பாட ஆசிரியர்களுக்குச் செய்தி தெரியட்டும் என்பதே அவர் நோக்கம். மறுநாள் காலை அம்மாணவனின் தாயார் மருத்துவச் சான்றிதழோடு பள்ளி அலுவலகத்தில் நின்றார். தம் மகன் பொய் சொல்வதாக ஆசிரியர் எல்லாரும் பார்க்க எழுதிவிட்டார் என்பது அவருடைய மனக்குறை. ஆசிரியருக்கோ தாம் எழுதியதில் என்ன பிழை என்றே விளங்கவில்லை.

இருவரும் தமிழை நன்கறிந்தவர்கள். இருவர் முன்னும் இருந்தவை அதே இரண்டு தொடர்கள்தாம். சிக்கல் முழுவதும் ‘ஆம்’ என்னும் சிறு ஒட்டில் இருந்தது. பிறர் சொன்னதைத் தெரிவிக்கிறேன், இது நான் நேரில் கண்டதன்று என்பதே அவ்வொட்டின் அடிப்படைப் பொருள். நான் நேரில் காணவில்லை என்பதிலிருந்து நான் நம்பவில்லை என்பதற்கு ஓரடி தூரமே உண்டு. “அவர் பெரிய கவிஞராம்” என்று ஒருவர் சொன்னால் அது செய்தியா கேலியா என்பதை அவருடைய குரலும் உதட்டோரமும் நமக்குச் சொல்லிவிடும். கைப்பேசித் திரையில் குரலும் இல்லை, உதடும் இல்லை. ஆசிரியர் செய்தியாக அனுப்பியது தாயாருக்கு ஐயப்பாடாகப் போய்ச் சேர்ந்தது.

இத்தகைய பிணக்குகள் இன்று நம் பள்ளிகளில் அன்றாடம் நிகழ்கின்றன. 2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின் புலனக் குழுக்களே பல வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடமாயின. பள்ளிகள் திறந்த பிறகும் அக்குழுக்கள் கலையவில்லை. வீட்டுப்பாடம், விடுப்பு, கூட்டுப்பணி, கண்டிப்பு, பாராட்டு, வேடிக்கை எல்லாம் இன்றும் அங்கேயே நடக்கின்றன. முன்பு வாய்ச்சொல்லாக நிகழ்ந்து காற்றில் கரைந்தவை இப்போது எழுத்தாக நிற்கின்றன. பேச்சின் வேகத்தோடும் பேச்சின் வடிவத்தோடும் எழுதப்படும் இந்தப் புதுவகை எழுத்தில் தொனி எவ்வாறு தவறிப்போகிறது என்பதையும், தமிழில் அது தவறுவதற்குத் தமிழுக்கே உரிய காரணங்கள் சில உண்டு என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தொனி என்ற சொல்லை நாம் இன்று குரலின் போக்கு என்ற பொருளிலேயே பெரிதும் வழங்குகிறோம். ஒலி என்றும், சொல்லுக்கு அப்பால் குறிப்பாகத் தோன்றும் பொருள் என்றும் அதற்கு இரு பொருள் உண்டு. இவ்விரண்டும் ஒரே சொல்லில் அமைந்தது பொருத்தமே. ஆயினும் தொல்காப்பியர் தரும் தொடர் எனக்கு இன்னும் உவப்பானது. பொருள் நேராகப் புலப்படுவதும் உண்டு, குறிப்பால் தோன்றுவதும் உண்டு என்று பெயரியலில் பிரித்துக் காட்டியவர், இடையியலில் ‘ஔ’ என்னும் உணர்ச்சி ஒலியைப் பற்றிப் பேசுமிடத்து, அதன் பொருள் வேறுபடுவது குறிப்பின் இசையால் என்கிறார். ‘குறிப்பின் இசை’. இன்றைய மொழியியலார் பல பக்கங்களில் விளக்க முயல்வதை இரண்டு சொற்களில் அடக்கிய கலைச்சொல் இது. அதே இடையியலில் தெளிவைக் காட்டும் ஏகாரமும் சிறப்பைக் காட்டும் ஓகாரமும் எடுத்து ஒலிக்கப்படும் என்ற செய்தியும் வருகிறது. எழுத்தில் ஏகாரம் ஒன்றுதான். அது எந்த ஏகாரம் என்பதைக் குரல்தான் காட்ட வேண்டும் என்பதை நம் முதல் இலக்கண நூலே உணர்ந்திருந்தது.

எழுத்து எக்காலத்திலும் இந்த இசையை முழுமையாகச் சுமந்ததில்லை. ஓலைச்சுவடியில் கேள்விக்குறி இல்லை, வியப்புக்குறி இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. அப்படியானால் முன்னோர் நகையையும் எள்ளலையும் எவ்வாறு காப்பாற்றிக் கொடுத்தனர்?

ஆசிரியர்கள் வகுப்பில் வஞ்சப்புகழ்ச்சிக்குக் காட்டும் பாடல் புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தொண்டைமானின் படைக்கருவிகள் பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசப்பெற்று, காவல் மிகுந்த அரண்மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இது தொண்டைமானுக்குப் புகழ். பாட்டு பழிப்பு என்று நாம் உறுதியாகக் கொள்வதற்கு அதன் அடியில் உள்ள குறிப்பு பெரிதும் துணைசெய்கிறது. அதியமானின் தூதராகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது பாடியது என்று அக்குறிப்பு சொல்கிறது. யார், யாரிடம், எப்போது, எதைக் கண்டு சொன்னார் என்ற நான்கும் அதில் உள்ளன. அவற்றை நீக்கிவிட்டால், படைக்கருவிப் பராமரிப்பில் தொண்டைமான் சிறந்தவன் என்று எழுதும் மாணவனை நாம் குறைசொல்ல இயலாது.

திருக்குறளிலும் அப்படியே. கயமை அதிகாரத்தின் 1073ஆம் குறள் கயவரைத் தேவரோடு ஒப்பிடுகிறது. இரு சாராரும் தாம் விரும்பியபடியே நடப்பவர்களாம். பரிமேலழகர் இதற்கு உரை எழுதும்போது, இது புகழ்வது போலப் பழித்தது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். பரிமேலழகரைப் போன்ற சுருக்கமான உரையாசிரியர், தம் காலத்துக் கற்றறிந்த வாசகருக்கு இது கேலி என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. எழுத்தில் கேலி வழுக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அடிக்குறிப்பும் உரையும் இருந்த இடத்தில்தான் இன்று வெற்றிடம் இருக்கிறது. குறுஞ்செய்தி என்பது அடிக்குறிப்பு இல்லாத புறப்பாட்டு. அனுப்புபவருக்கு அந்தக் குறிப்பு மனத்துக்குள் இருக்கிறது. அதனால் அது எழுத்திலும் இருப்பதாகவே அவர் எண்ணிவிடுகிறார்.

இந்த எண்ணத்தை அளந்து பார்த்தவர்கள் உண்டு. 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தம் முனைவர் பட்ட ஆய்வில் ஓர் எளிய சோதனை செய்தார். ஒருவர் எல்லாரும் அறிந்த பாடல் ஒன்றின் தாளத்தை மேசைமேல் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் பாடலைக் கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள் பாதிப் பாடல்களாவது கண்டுபிடிக்கப்படும் என்று நினைத்தார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று. தட்டுகிறவரின் காதுக்குள் முழுப்பாட்டும் இசைக்கருவிகளோடு ஒலித்துக்கொண்டிருக்கிறது. எதிரில் இருப்பவருக்குக் கேட்பது வெறும் டொக் டொக். உங்கள் வகுப்பில் நம் பழைய திரைப்பாடல் ஒன்றைத் தட்டிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் மாணவர்களுக்கு இந்தக் கருத்து விளங்கிவிடும்.

2005இல் ஜஸ்டின் குரூகர், நிக்கொலஸ் எப்லி முதலிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. சில தொடர்களை உண்மையாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் அனுப்பச் செய்து, பெறுபவர் வேறுபாட்டைக் கண்டுகொள்கிறாரா என்று பார்த்தார்கள். அனுப்பியவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 78 சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று எதிர்பார்த்தார்கள். குரலில் கேட்டவர்கள் ஏறத்தாழ 73 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் சரியாகச் சொன்னது 56 விழுக்காடு. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலே 50 கிடைத்திருக்கும். குரல் போனதால் புரிதல் குறைந்தது என்பதில் வியப்பில்லை. அது குறையும் என்று அனுப்பியவர்களுக்குத் தோன்றவே இல்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

இதன் விளைவு மனக்கசப்போடு நிற்பதில்லை. 2010 சனவரியில் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் உள்ள ராபின் ஹூட் விமான நிலையம் பனிப்பொழிவால் மூடப்பட்டது. அங்கிருந்து பயணம் செய்யக் காத்திருந்த பால் சேம்பர்ஸ் என்னும் இளைஞர், ஒரு வாரத்துக்குள் திறக்காவிட்டால் விமான நிலையத்தையே வெடிவைத்துத் தகர்ப்பேன் என்ற பொருளில் டுவிட்டரில் எழுதினார். அது எரிச்சலில் பிறந்த வேடிக்கை. விமான நிலையத்தாரே அதை நம்பத்தக்க மிரட்டலாகக் கருதவில்லை. ஆயினும் அவர் கைது செய்யப்பட்டார், வேலையை இழந்தார், அதே ஆண்டு மே மாதம் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். 2012 சூலையில்தான் இலண்டன் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. நம் நாட்டிலும் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு, மிரட்டவோ துன்புறுத்தவோ வேண்டும் என்ற நோக்கத்தைக் கணக்கில் எடுக்கிறது. நோக்கம் மனத்தில் இருப்பது. வழக்குக்குச் சான்றாக வருவதோ எழுத்து. மாணவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

இனித் தமிழுக்கே உரிய காரணங்களுக்கு வருவோம். முதலாவது, நம் இடைச்சொற்கள். ‘தான்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். “நல்லாத்தான் செஞ்சிருக்க” என்று ஒரு நண்பர் எழுதுகிறார். ‘தான்’ சாதாரணமாக ஒலித்தால் இது மனமாரப் பாராட்டு. ‘நல்லா’ நீண்டு, குரல் மேலேறினால் இது கிண்டல். ‘தான்’ இழுபட்டுக் குரல் தொங்கி நின்றால், நன்றாக இருக்கிறது, ஆனால் ஏதோ ஒரு குறை உண்டு என்பது பொருள். அடுத்த சொல் ‘ஆனா’ என்று வரப்போகிறது. பன்னிரண்டு எழுத்துகளில் மூன்று மனிதர்கள் இருக்கிறார்கள். ‘வந்தியே’ என்பதில் உள்ள ஏகாரமும் இப்படியே. வந்துவிட்டாயே என்ற மகிழ்ச்சிக்கும், நேற்று வந்தாய் அல்லவா என்ற நினைவூட்டலுக்கும், வந்தும் பயனில்லையே என்ற சலிப்புக்கும் அதுவே வடிவம். ஓகாரத்துக்குத் தொல்காப்பியர் ஆறு பொருள் கூறினார். அவற்றுள் எதிர்மறையும் ஒன்று. “நான் சொன்னேனோ?” என்றால் நான் சொல்லவில்லை என்பது கருத்து. அதையே ஐயத்தோடு சொன்னால், சொல்லியிருப்பேனோ என்ற தயக்கம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் குரலழுத்தம் செய்யும் வேலையைத் தமிழில் ஒட்டும் குரலும் பங்குபோட்டுச் செய்கின்றன. எழுத்தில் ஒட்டு மட்டும் வருகிறது. தொனியில் பாதி வந்து பாதி வராமற்போவது, முற்றிலும் வராமற்போவதைவிட ஏமாற்றுவது. படிப்பவர் மீதிப் பாதியைத் தம் மனநிலைக்கேற்ப நிரப்பிக்கொள்கிறார்.

இரண்டாவது காரணம் இரட்டை வழக்கு. எழுதுவதற்கு ஒரு தமிழும் பேசுவதற்கு ஒரு தமிழும் நம்மிடம் உள்ளன. எதைத் தேர்ந்துகொள்கிறோம் என்பதே ஒரு தொனி. மகள் எழுதுகிறாள்: “அப்பா, இன்னைக்கு வர லேட்டாகும்.” தந்தையின் பதில்: “தகவலுக்கு நன்றி.” அப்பா கடுஞ்சினத்தில் இருக்கிறார் என்று மகள் கலங்குகிறாள். தந்தையின் தலைமுறைக்கு, எழுதுவது என்றாலே எழுத்துத்தமிழில் எழுதுவதுதான். அவர் கடிதம் எழுதக் கற்றவர். பேசுவதுபோல் எழுதுவது அவர் கைக்கு வருவதில்லை. மகளுக்கோ கைப்பேசியில் எழுதுவது பேசுவதன் இன்னொரு வகை. பேச்சின் நடுவே எழுத்துத்தமிழ் வந்தால் ஒன்று அது மேடை, அல்லது கோபம், அல்லது நக்கல். காலங்கடந்து வந்த நண்பனை “தங்கள் வருகை நல்வரவாகுக” என்று நாம் வரவேற்பதில்லையா? அந்த நினைவோடுதான் மகள் தந்தையின் நன்றியைப் படித்தாள்.

மறுபுறமும் உண்டு. “சார், ரிசல்ட் எப்ப தருவீங்க?” என்று மாணவன் அனுப்பினால் சில ஆசிரியர்கள் சினம் கொள்கிறார்கள். இதே கேள்வியை அவன் ஆசிரியர் அறையின் வாசலில் நின்று, தலையைச் சற்றே தாழ்த்தி, மெல்லிய குரலில் கேட்டிருந்தால் அதில் எவரும் துடுக்கைக் கண்டிருக்க மாட்டார்கள். பணிவு அவன் உடலில் இருந்தது, சொல்லில் இருக்கவில்லை. உடல் போனதும் பணிவும் போனதாகத் தோன்றுகிறது. இங்கே ஆசிரியர்கள் சற்றுப் பொறுமை காட்ட வேண்டும் என்பது என் கருத்து. எழுத்துவழிப் பணிவு என்பது தனியே கற்பிக்க வேண்டிய திறன். நாம் அலுவல் கடிதம் கற்பிக்கிறோம், உறவுக் கடிதம் கற்பிக்கிறோம், ஆசிரியருக்கு ஒரு குறுஞ்செய்தி எப்படி எழுதுவது என்பதைப் பெரும்பாலும் கற்பிப்பதில்லை. கற்பிக்காததற்கு மதிப்பெண் குறைப்பது முறையாகாது.

விளிச்சொற்களும் இவ்வகையில் வழுக்குபவை. ‘ஐயா’ மரியாதையும் ஆகும், “வாங்க ஐயா, இப்பத்தான் விடிஞ்சுதா?” என்னும்போது கேலியும் ஆகும். ‘நீ’ என்று அழைத்தவர் திடீரென ‘நீங்க’ என்று எழுதினால் உறவில் ஏதோ முறிந்தது என்று பொருள். இளைஞர்களுக்கிடையே ‘டா’ அன்பின் அடையாளம். அதே ‘டா’ ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு தந்தையின் பார்வைக்கு வரும்போது வசையாகிறது. மலேசியத் தமிழர்களாகிய நமக்கு இன்னொன்றும் உண்டு: மலாயிலிருந்து வந்த ‘லா’. “சரி” என்று மட்டும் பதில் வந்தால் மனத்தாங்கலோ என்று தோன்றும் இடத்தில் “சரிலா” என்பது முகத்தில் புன்னகையை வரைந்துவிடுகிறது. கட்டுரையில் அதற்கு இடமில்லை. ஆனால் குறிப்பின் இசையை எழுத்தில் ஏற்றும் வேலையை அது செய்கிறது என்பதை மொழியியலாளன் மறுக்க முடியாது. நட்புக் குழுவில் ‘லா’ எழுதிய மாணவனைத் தமிழைக் கெடுக்கிறாய் என்று கடிவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இளையோர் தாமாகவே கண்டுபிடித்த இன்னோர் உத்தி நமக்குப் பழக்கமானதே. “சரீஈஈஈ” என்று எழுதுகிறார்கள். இது அளபெடையன்றி வேறென்ன? ‘செல்ல்ல்லம்’ என்று எழுதும் சிறுமி ஒற்றளபெடை செய்கிறாள்; குற்றெழுத்தின் பின் லகர ஒற்று அளபெடுக்கலாம் என்பது நன்னூலுக்கும் உடன்பாடே. ‘சூப்ப்ப்பர்’ என்பதற்குத்தான் இலக்கணம் இடந்தராது, வல்லின ஒற்று அளபெடுக்காது. அளபெடை கடினமான பாடம் என்று முறையிடும் மாணவர்கள் அதைக் கட்டைவிரலால் நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

குறிகளின் துணையும் பலர் நினைப்பதைவிடப் பழையது. 1982 செப்டம்பர் 19இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் என்னும் கணினியியலாளர், வேடிக்கைச் செய்திகளுக்குப் பின் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் சேர்த்துச் சிரித்த முகமாகப் போடலாம் என்று முன்மொழிந்தார். அதற்குச் சற்று முன்பு, மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டது என்று பல்கலைக்கழகக் கணினிப் பலகையில் ஒருவர் விளையாட்டாக எழுதியதைச் சிலர் உண்மையான எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். தொனி தவறியதன் மருந்தாகவே அக்குறி பிறந்தது. 1999இல் சப்பானில் ஷிகெதாகா குரிதா ஒரு கைப்பேசி நிறுவனத்துக்காக 176 சிறு படங்களை வரைந்தார். இன்று நாம் பயன்படுத்தும் இமோஜிகள் அந்த மரபில் வந்தவை.

ஆனால் மருந்துக்கும் உரை தேவைப்படுகிறது. கண்ணீர் வழியச் சிரிக்கும் முகத்தை அழுகை என்று கொண்டு இரங்கல் செய்திக்கு அனுப்பிய முதியவர்கள் உண்டு. இளையவர்கள் மண்டையோட்டை அனுப்புவது “சிரிச்சுச் சிரிச்சே செத்தேன்” என்பதற்காக. பாட்டிக்கு அது சுடுகாடு. கட்டைவிரல் உயர்த்திய குறி மூத்தவருக்கு ஒப்புதல், இளையவருக்கு அலட்சியம். 2023இல் கனடாவின் சஸ்காட்செவான் மாநில நீதிமன்றம் ஒன்று, ஒப்பந்தத்தின் படத்துக்கு விவசாயி ஒருவர் பதிலாக அனுப்பிய அக்குறியை ஒப்பந்தத்துக்கான இசைவாகவே ஏற்றது. முற்றுப்புள்ளிக்கும் இதே நிலைதான். நியூயார்க் மாநிலத்தின் பிங்கம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களைக் கொண்டு நடந்த ஆய்வில், ஒரு சொல்லாக வரும் குறுஞ்செய்திப் பதில்களில் முற்றுப்புள்ளி இருந்தால் அது மனமாரச் சொன்னதாகத் தோன்றவில்லை என்று கண்டனர். கையால் எழுதிய குறிப்பில் அந்த வேறுபாடு தோன்றவில்லை. நிறுத்தக்குறியைப் பிழையின்றி இடும் தமிழாசிரியர் “சரி.” என்று எழுதிவிட்டு, மாணவர்கள் ஏன் அஞ்சுகிறார்கள் என்று வியப்பது இதனால்தான்.

நகைக்கு வருவோம், ஆசிரியர்கள் அதிகம் எண்ண வேண்டிய இடம் இது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார். மெய்ப்பாடு என்ற பெயரே, உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவது என்பதைக் காட்டுகிறது. நகை தோன்றும் நிலைக்களன்களாக அவர் கூறியவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு. எள்ளல் இருவகைப்படும் என்று உரையாசிரியர் பேராசிரியர் விளக்குகிறார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறர் தன்னை எள்ளியபோது தானும் நகுதல் மற்றொன்று. நட்புக்குள் நடக்கும் கேலி நகையாக நிலைப்பது இந்த இரண்டாவது இருக்கும்வரைதான். நேரில் கேலி செய்பவன் நண்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்கிறான். முகம் சுருங்கினால் நிறுத்துகிறான், தோளில் தட்டுகிறான், “சும்மா சொன்னேன்டா” என்கிறான். திரையில் அவன் அந்த முகத்தைப் பார்ப்பதில்லை. எள்ளப்பட்டவனும் ஒரு சிரிப்புக்குறியை அனுப்பிவிட்டு அறையில் தனியே அமர்ந்திருக்கலாம்.

ஒரு பள்ளியின் ஒழுங்குக் குழு என்னிடம் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிக் கருத்துக் கேட்டது. படிவம் நான்கு மாணவர்களின் குழுவில் ஒருவன் இன்னொருவனுக்கு, “நீ முகாமுக்கு வராம இருந்தாத்தான் எங்களுக்கு நல்லது” என்று எழுதியிருந்தான். அதன்கீழ் ஐந்து பேர் சிரிப்புக்குறி இட்டிருந்தார்கள். பகடிவதை என்று தந்தை புகார் கொடுத்திருந்தார். அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டால் அவர் கூறியது சரியே. உரையாடலை முழுமையாகக் காட்டுமாறு கேட்டேன். முந்திய செய்தி புகாருக்கு உரிய மாணவனுடையது: “நான் வந்தா உங்க சாப்பாட்டையும் சேர்த்து நானே சாப்பிட்டுருவேன்.” அதற்கு விடையாக வந்ததே அந்த வரி. எழுதியவன் கேலியாகவே எழுதினான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே வேளையில், அதற்குப் பிறகு மூன்று நாள் அம்மாணவன் குழுவில் ஒரு சொல்லும் எழுதவில்லை என்பதும் அங்கே தெரிந்தது. அவன் உடல் பருமனைத் தன் வாயாலேயே வேடிக்கையாக்கிக்கொண்டவன்தான். ஆனால் தானே சொல்வதும், அதை ஐவர் வழிமொழிவதும் ஒன்றாகா.

நேரில் ஐந்து பேர் சிரித்திருந்தால் இரண்டு நொடியில் முடிந்திருக்கும். இங்கே அந்த ஐந்து சிரிப்பும் பெயரோடும் நேரத்தோடும் நிற்கின்றன. திறக்கும்போதெல்லாம் மீண்டும் சிரிக்கின்றன. அனுப்பியபோது அது வேடிக்கை, பெறப்பட்டபோது அது காயம் என்று என் கருத்தை எழுதிக்கொடுத்தேன். தண்டனை வேண்டாம், ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்று முடித்துவிடவும் வேண்டாம் என்றேன். ஒழுங்குக் குழுவினருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. குற்றம், குற்றமின்மை என்று இரண்டு பெட்டிகளே படிவத்தில் இருந்தன.

எந்தப் பள்ளியாயினும், ஸ்கிரீன்ஷாட் ஒன்றைச் சான்றாக ஏற்குமுன் அதற்கு முந்திய செய்திகளையும் பிந்திய செய்திகளையும் கேட்டுப் பெறுவது முதல் கடமை. யார் யாரிடம் எந்த வேளையில் சொன்னது, அவர்கள் ஒருவரையொருவர் வழக்கமாக எப்படி அழைப்பவர்கள், பெற்றவர் அடுத்து என்ன எழுதினார் அல்லது எழுதாமல் விட்டார் என்று பார்க்க வேண்டும். புறநானூற்று அடிக்குறிப்பைத் தொகுத்தவர் செய்த வேலையை இங்கே ஆசிரியர் செய்ய வேண்டியிருக்கிறது.

பெற்றோருக்கு எழுதும்போது ‘ஆம்’ ஒட்டைத் தவிர்த்துவிடலாம். “முருகனுக்குக் காய்ச்சல் என்று அவன் அம்மா தெரிவித்திருக்கிறார், நலம் பெறட்டும்” என்று எழுதச் சில நொடிகளே கூடுதலாக ஆகும். கண்டிக்க வேண்டியதைக் குழுவில் எழுதாமல் நேரில் சொல்லலாம். வகுப்பறையில் செய்யத்தக்க பயிற்சி ஒன்றை நான் ஆசிரியர் பட்டறைகளில் நடத்தியிருக்கிறேன். “நீதான் வந்தியே” என்ற ஒரே தொடரை நான்கு மாணவர்களிடம் கொடுத்து, மகிழ்ச்சி, குற்றச்சாட்டு, சலிப்பு, கிண்டல் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லச் செய்ய வேண்டும். பிறகு அந்நான்கையும் குரலின்றி எழுத்தில் வேறுபடுத்தி எழுதச் சொல்ல வேண்டும். முகக்குறி கூடாது. மாணவர்கள் முதலில் திணறுவார்கள். பின்னர் ஒருவர் “நீ வந்ததில் எனக்கு மகிழ்ச்சி” என்று எழுதுவார், இன்னொருவர் “நீ வந்துதான் இந்தச் சிக்கலே தொடங்கியது” என்று எழுதுவார். குரல் செய்த வேலையைச் சொல் செய்யத் தொடங்கும் இடம் அது. கிண்டலை மட்டும் பெரும்பாலும் எவராலும் எழுத முடிவதில்லை; விளக்கினால் கிண்டல் செத்துவிடுகிறது. ஆகவே கிண்டலைக் குரல் உள்ள இடத்துக்கென ஒதுக்கிவைக்கலாம் என்று மாணவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

குரல்பதிவு இருக்கிறதே என்று கேட்கலாம். 2013 முதல் புலனத்தில் குரலையே பதிந்து அனுப்ப முடிகிறது. எழுத்தில் தயங்கும் பெற்றோருக்கும், பேத்தியின் தமிழைக் கேட்க விரும்பும் தாத்தாவுக்கும் அது பெரும் நன்மை. மன்னிப்புக் கேட்பதற்கும் அதுவே ஏற்றது. ஆனால் 2021இல் அதே செயலி, குரலை ஒன்றரை மடங்கு, இரு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதியைத் தந்தது. என் மாணவர்கள் பலர் எதையும் அந்த வேகத்தில்தான் கேட்கிறார்கள். தாயார் நிறுத்தி நிறுத்தி, இழுத்துச் சொன்ன “சாப்பிட்டியாப்பா?” அவர்கள் காதில் அதட்டலாக விழுகிறது.